ஒலிப்பதிவில் முனகும் கிழவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்ன 'லா போஹேம்' ஓபராவின் 1946 வானொலிப் பதிவை இரண்டு இரவுகளில் கேட்டேன். இத்தாலி மொழி தெரியாததால் கதைச்சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டேன். நடுவில் யாரோ கிழவர் கரகரவென்று முனகுவது தொந்தரவாக இருந்தது. அப்புறம், மேடையைப் பார்க்காமல் ஓபரா கேட்பது பாதி அனுபவம்தானே?

க.

அன்புள்ள க.,

அந்தக் கிழவர்தான் இசைக்குழுவை நடத்திய டோஸ்கனினி. 1896 பிப்ரவரி 1 அன்று இத்தாலியின் டூரின் நகரில் இசையமைப்பாளர் புச்சினியின் இந்த ஓபரா முதன்முதலாக அரங்கேறியபோது நடத்தியவரும் அவரே. அன்று வயது 28. ஐம்பது ஆண்டு கழித்து நியூயார்க்கில் என்பிசி வானொலிக்காக மறுபடி நடத்தியபோது 78. புச்சினி இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரொடால்ஃபோவும் மிமியும் காதலில் விழும் இடத்தில் கிழவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, கூடவே பாடிவிடுகிறார். அந்த முனகலை நீக்கிய பதிவு கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒலிபரப்பும் பிப்ரவரி 3, 10 என்று இரண்டு ஞாயிறுகளில்தான் நடந்தது. முதல் வாரம் கிறிஸ்துமஸ் இரவின் கூட்டத்தோடும் ராணுவ அணிவகுப்போடும் முடிகிறது. மறுவாரம் வானொலியைத் திருப்பினால் பாரிஸ் எல்லையில் பனி பெய்யும் விடியற்காலை. நடுவில் ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி இறங்கியிருக்கும்!

பாதி அனுபவம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மிமி சத்தமில்லாமல் இறந்துபோகிறாள். அரங்கில் இருந்தால் அவள் படுக்கையையே பார்த்துக்கொண்டிருப்போம். வானொலியில் அவளுக்கென்று இருப்பது லீச்சியா அல்பனேசேயின் குரல் மட்டும்தான். அது மெலிந்து மெலிந்து நின்றுவிடுகிறது. தூங்குகிறாளா, போய்விட்டாளா? ரொடால்ஃபோவுக்கும் தெரியாது. நண்பன் ஷோனார் இன்னொருவனிடம் கிசுகிசுக்கிறான். 'ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?' என்று ரொடால்ஃபோ கேட்பது பாட்டாக இல்லை, வெறும் பேச்சாக வருகிறது. உடனே இசைக்குழு முழுவதும் வெடிக்கிறது. அவன் அவள் பெயரைக் கத்துகிறான். அவனைப் போலவே நாமும் கண்ணால் எதையும் பார்க்காமல் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். கதைச்சுருக்கத்தை மூடிவைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு.