முன்னால் பிடிப்பு, பின்னால் ஓட்டம்

கேள்வி: 29 அங்குல மவுன்டன் பைக், என் எடை 65 கிலோ. எண்ணூர் விரைவுச் சாலையில்தான் பயிற்சி. மண்பாதையில் ஓடும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் வேண்டாம். வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். அங்கே ஓரப் பட்டன்கள் (டயர் மேலுள்ள ரப்பர் முட்டுகள்) உயரமான, 2.35 அங்குல அகல டயர் போடுங்கள். பின்னால், நடுப் பட்டன்கள் தாழ்ந்து நெருங்கியிருக்கும் 2.25. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும், பின்னால் ஃபிரேமிலும் டயருக்கு இருபுறமும் 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

ரிம் இடம்கொடுத்தால் உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ்தான் சரி. சக்கரத்துக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றி, காற்றழுத்தத்தை முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். வளைவில் டயர் மடிந்தாலோ, ரிம் கல்லில் இடித்தாலோ 1 கூட்டுங்கள். கல்லில் துள்ளினால் 1 குறையுங்கள். ட்யூப் என்றால் 5 கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். நம்மூர் வெக்கையில் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பந்தய டயரைக் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் தயவுசெய்து தேய்க்காதீர்கள். தாரில் பட்டன் முனை மழுங்கும். மெல்லிய பக்கச்சுவரை இரும்புத்துண்டு கிழித்தால் சீலன்ட்டும் அடைக்காது. பயிற்சிக்குப் பழைய டயர் போதும். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு மாற்றி, மண்பாதையில் ஓட்டிக் காற்றைச் சரிபாருங்கள்.