பக்கவாதம் வந்தவரைத் தூக்காமல் நாற்காலிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு வயது 62. பக்கவாதம் வந்து ஆறு மாதமாகிறது. வலது கை, கால் விளங்கவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நான் ஒருத்திதான் தூக்கி உட்கார வைக்கிறேன். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அவருக்கு வலது தோள்பட்டையில் வலி. வால் எலும்புப் பக்கம் தோலும் சிவந்திருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறீர்களா? உங்கள் இடுப்பு வலி, அவருடைய தோள் வலி இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பக்கவாதத்தில் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிடும். அந்தக் கையை இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். இடது காலை ஊன்ற முடிகிறவர் என்றால், எழ வேண்டியது அவர். நீங்கள் பிடித்துத் திருப்பினால் போதும். ஊன்ற முடியாதவரென்றால் தனியாக முயலவே வேண்டாம், துணைக்கு இன்னொருவர் வேண்டும்.

நாற்காலியை அவருடைய இடது பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். பிரேக்கைப் போட்டு, கால் வைக்கும் தட்டுகளை மடக்கிவிடுங்கள். லுங்கி காலில் தடுக்கும், ஏற்றிக் கட்டுங்கள். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து ஓரிரு நிமிடம் பொறுங்கள். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும். அவருடைய வலது முழங்காலுக்கு உங்கள் முழங்காலை முட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் அது மடங்கிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடியுங்கள்; உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை அவரைக் குனியச் சொல்லுங்கள். பிட்டம் தானாகவே எழும்பும். குனியாமல் எழுந்தால்தான் மொத்த பாரமும் உங்கள் மேல் விழும். திரும்பும்போது பாதத்தை மாற்றி வையுங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் அசையாத மரக்கட்டை கொடுத்து நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எண்ணெய் போட்டுத் தேய்ப்பது கெடுதல். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் படுக்க வையுங்கள். மேலே நகர்த்தும்போது உடம்பை இழுத்தால் தோல் உராயும். நான்காக மடித்த பழைய பருத்திப் புடவையை அடியில் விரித்து, இரண்டு பேராகப் பிடித்து நகர்த்துங்கள். ஏர் பெட் வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. இரவு முறையை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுங்கள். தூங்காத கையில்தான் பிடி நழுவும்.

தோல் உரிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருபவர் முன்னால் ஒருமுறை நீங்களே அவரை மாற்றிக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.