ஜெபத்துல அந்த ஒரு வரி வந்தா வாய் அடைச்சுக்குது

கேள்வி: அக்கா, 3 வருஷத்துக்கு முன்னாடி கூடப்பிறந்த தம்பி கடை வைக்கப்போறேன்னு என் 18 பவுன் நகைய வாங்கி அடகு வச்சான். கடையும் போச்சு, நகையும் ஏலத்துல போச்சு. இப்ப போன் எடுக்குறதில்ல. வீட்டுக்காரருக்கு வேலை போய் 5 மாசம் ஆச்சு, மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். சர்ச்ல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்கிற இடம் வந்தாலே வாய் அடைச்சுக்குது. மன்னிக்கலன்னா ஜெபம் கேக்கப்படாதுன்னு சொல்றாங்க. அடகு ரசீது இன்னும் என் பைபிள் உறைக்குள்ளதான் இருக்கு. அடுத்த மாசம் சர்ச்ல அசனம் (எல்லாரும் சேந்து சாப்பிடுற விருந்து), அவனும் வருவான். என்ன செய்யட்டும்?
- தூத்துக்குடி பக்கத்து வாசகி

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், அந்த ரசீது கிட்ட வந்து ரெண்டு தடவயும் நின்னுட்டேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், வாய் அடைக்குதுன்னா நீங்க அந்த வரிய அர்த்தம் தெரிஞ்சு சொல்றீங்க. நம்மள்ல பாதிப் பேரு அத மூச்சு விடாம ஒப்பிச்சுட்டுப் போயிடுறோம். இந்த ஜெபம் வர்ற மத்தேயு சுவிசேஷத்தோட மூல கிரேக்கத்துலயே அங்க இருக்குறது கடன்ங்கிற வார்த்தைதான், உங்களுக்கு அது உவமை இல்ல, 18 பவுன்.

பைபிள்ல வர்ற யோசேப்ப நினைச்சுப் பாருங்க. 17 வயசுப் பையன 20 வெள்ளிக்காசுக்கு வித்தது கூடப்பிறந்தவங்கதான். 30 வயசுல எகிப்து ராஜா பார்வோன் முன்னால நிக்குறாரு, அப்புறம் 7 வருஷம் விளைச்சல், 2 வருஷம் பஞ்சம், கூட்டிப் பாத்தா, தானியம் வாங்க வந்த அண்ணன்மாருகிட்ட "நான் யோசேப்பு"ன்னு சொல்லி அழுதப்ப 39 வயசு இருக்கும். 22 வருஷம் தங்கச்சி! உங்களுக்கு 3 வருஷம்தான ஆச்சு, அதுக்குள்ள நான் கிறிஸ்தவளான்னு உங்கள நீங்களே ஏன் குத்திக்கிறீங்க? நடுவுல மூத்த பையனுக்கு மனாசேன்னு பேரு வச்சாரு, தகப்பன் வீட்டையும் பட்ட கஷ்டத்தையும் தேவன் மறக்கப் பண்ணுனாருன்னு அர்த்தம். மறந்தாரா? தம்பி பென்யமீனப் பாத்ததும் உள்ளறைக்குள்ள ஓடிப்போய் அழுதுட்டு, முகத்தக் கழுவிட்டு, மனச அடக்கிக்கிட்டு வந்து சாப்பாடு வைங்கன்னு சொல்றாரு. அந்த முகம் கழுவுற இடத்த எத்தன தடவ படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உடனே கட்டிப்பிடிக்கவும் இல்ல. அண்ணன்மாருல சிமியோனப் பிடிச்சு வச்சாரு, பென்யமீன் சாக்குல வெள்ளிப் பாத்திரத்த வச்சுச் சோதிச்சாரு, இன்னொரு அண்ணன் யூதா வந்து தம்பிக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு நின்னப்பதான் உடைஞ்சாரு. ஆள் மாறியிருக்கானான்னு பாக்குறது பாவம் இல்ல. இன்னொண்ணையும் கவனிங்க, அன்னைக்கும் பஞ்சம் முடியல, இன்னும் 5 வருஷம் இருக்குன்னு அவரே சொல்றாரு. எல்லாம் சரியாகட்டும் அப்புறம் பாக்கலாம்னு அவரு காத்திருக்கல. உங்க வீட்டுப் பஞ்சமும் எப்ப முடியும்னு தெரியாது, அதுக்கு நடுவுலயும் கர்த்தர் இந்த வேலைய உங்களுக்குள்ள ஆரம்பிக்க முடியும், அத நான் முழுசா நம்புறேன்.

நகையக் கேக்குறதும் மன்னிக்காததும் ஒண்ணு கிடையாது. 1999ல ஒடிசா மனோகர்பூர்ல கிளாடிஸ் ஸ்டெயின்ஸோட மிஷனரி கணவரையும் ரெண்டு பையங்களையும் வண்டிக்குள்ள வச்சு எரிச்சுட்டாங்க, கிளாடிஸ் மன்னிச்சேன்னு சொன்னாங்க, ஆனா கேஸும் நடந்துச்சு, தண்டனையும் கிடைச்சது. அதனால சர்ச் ஐயரையோ குடும்பத்துல ஒரு பெரியவரையோ வச்சு, அசனத்துக்கு முன்னாடியே தம்பியக் கூப்பிட்டுப் பேசுங்க, பந்தியில வச்சுக் கேக்காதீங்க. மாசம் 2000 ஆனாலும் தரச் சொல்லி ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. அவரு வரவே இல்லன்னாலும் நீங்க கேட்டாச்சு, அது முக்கியம். மாப்பிள்ளை வீட்டுல நகை இல்லன்னு மறைக்காம சொல்லிடுங்க. ரசீதக் கிழிக்கணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கிழிக்கத் தோணுற அன்னைக்குக் கிழிச்சாப் போதும்.

அசனத்தன்னைக்கு அவரு பக்கத்துல உக்காரணும்னு ஒண்ணும் இல்ல. கண்ணுல பட்டா "சாப்பிட்டியா"ன்னு கேக்க முடிஞ்சா கேளுங்க, முடியலன்னா உள்ள போய் முகத்தக் கழுவிட்டு வாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அந்த வரி வரும்போது வாய் அடைச்சா அப்படியே நில்லுங்க, வெளிய போயிடாதீங்க. அது என் கடனாளின்னு இல்ல, எங்கள் கடனாளிகளுக்குன்னுதான இருக்கு. முன்னாடி பெஞ்சுல இருக்குற பாட்டி சொல்லுவாங்க, பின்னாடி சின்னப் பசங்க சொல்லுவாங்க, உங்களுக்கும் சேத்துதான் சொல்றாங்க. அடுத்த வரிக்கு நீங்க சேந்துக்கோங்க.