பழைய அமெரிக்க மடக்குக் கத்தி எந்த ஆண்டு செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேஸ் கம்பெனி கத்தி என்றால் சுலபம். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்தவை. பிளேடைத் திறந்து, பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் உள்ள முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1940 முதல் 1964 வரை. கூடவே 'யு.எஸ்.ஏ.' இருந்து, கீழே புள்ளி இல்லையென்றால் 1965–69. 1970-இல் பத்துப் புள்ளி போட ஆரம்பித்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஐந்து புள்ளி இருந்தால் 1975 (1980-இல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்ததால் 1985 ஆகவும் இருக்கலாம்).

பிளேடில் ஓர் எண்ணும் இருக்கும். 6254 என்றால், 6 எலும்புப் பிடி, 2 இரண்டு பிளேடு, 54 'டிராப்பர்' (Trapper) என்ற கத்தி வடிவம். முதல் எண் 5 என்றால் மான்கொம்புப் பிடி. (அதில் நம் ஊர்க் கடமான் கொம்பும் நிறையப் போயிருக்கிறது.)

முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பழைய பிடியில் புது பிளேடு மாட்டி விற்பவர்களும் உண்டு. எலும்பு தேய்ந்து வழவழப்பாக இருக்க, பிளேடு மட்டும் தேயாமல் முழு அகலத்தில் பளபளத்தால் நான் வாங்க மாட்டேன். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், விலை பாதியாகிவிடும். ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும்.

அப்புறம், செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பிடி போட்ட கத்தியைத் தனியாக வையுங்கள். அது சிதையும்போது வரும் வாயு பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.