விமான நிலையம் எது, கட்டணம் ஏன்: தருமபுரி, கிருஷ்ணகிரி தொழில்முனைவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மாதம் நான்கைந்து முறை விமானம் ஏறும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஆறு இங்கே. பயணச்சீட்டு பதிவுசெய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், சீட்டின் விலையோடு வீட்டு வாசலிலிருந்து விமானப் படிக்கட்டு வரை ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெங்களூரிலிருந்து டெல்லி செல்வதற்கான கட்டணத்தைக் காலையில் எனக்கு மட்டும் பார்த்துவைத்தேன். மதியம் நான்கு பேருக்குப் பதிவுசெய்யப் போனபோது தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூடியிருந்தது. திரும்பத் திரும்பத் தேடினால் கணினி விலையை ஏற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா? (மாம்பழக்கூழ் ஏற்றுமதியாளர், கிருஷ்ணகிரி)

தேடுவதால் இருக்கை குறைவதில்லை, விற்பதால்தான் குறைகிறது. ஒரே விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகளை நிறுவனங்கள் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் இத்தனை இருக்கைகள் என்ற கணக்கும் வைத்திருக்கின்றன. கீழ் அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை திரையில் வந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் வேறொன்றும் நடந்திருக்க வாய்ப்புண்டு. உதாரணத்துக்கு, 6,000 ரூபாய் அடுக்கில் இரண்டு இருக்கைகளும் 8,000 ரூபாய் அடுக்கில் பத்து இருக்கைகளும் மீதமிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால், நான்கு இருக்கைகளும் சேர்ந்தாற்போல் உள்ள அடுக்கைத்தான் கணினி காட்டும். அதாவது நால்வருக்கும் 8,000. முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை எந்த எண்ணிக்கையில் ஏறுகிறதோ அந்த இடத்தில் பதிவை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் 4,000 ரூபாய் மிச்சம். இரண்டு பி.என்.ஆர். (பதிவு எண்) ஆகிவிடும் என்பதால், விமானம் ரத்தானால் நால்வரையும் ஒரே மாற்று விமானத்தில் ஏற்றுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாடிக்கையாளரைப் பார்க்கச் செல்லும் குழுவென்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசு தலையிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விமானக் கழகங்கள் சட்டம் 1994-இல் நீக்கப்பட்ட பிறகு உள்நாட்டுக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. கொரோனா காலத்தில் 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை அரசு கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருந்தது ஒரு விதிவிலக்கு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன்மீது மாநிலங்கள் விதிக்கும் வாட் வரியும் கட்டணத்தில்தான் வந்து சேர்கிறது.

தொழில்முறைப் பயணிக்கு அதிகம் வலிப்பது திங்கள் காலையும் வெள்ளி மாலையும். உள்நாட்டுப் பயணத்தில் போகவும் வரவும் சேர்த்து வாங்குவதால் பெரும்பாலும் சலுகை கிடைப்பதில்லை. எனவே கூட்டம் எப்போது முடியும் என்று தெரியாவிட்டாலும், வெள்ளி மாலை திரும்பும் சீட்டை முதலில் வாங்கிவிட்டு, போகும் சீட்டைப் பிறகு வாங்கலாம். மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள எஸ்.எம்.இ. கட்டணம் என்ற ஒன்றும் உண்டு, ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கானது அது. முகவரிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் அதைத் தேடி எடுப்பார்.

கேள்வி: தருமபுரியிலிருந்து சேலம் விமான நிலையம் ஒரு மணி நேரத் தொலைவுதான். அதை விட்டுவிட்டு எல்லாரும் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு ஓடுவது ஏன்? (கிரானைட் வியாபாரி, தருமபுரி)

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள அந்த நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். அதனால் அங்கே வந்துபோவது எழுபது, எண்பது பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானங்களே. சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை சேவை 2021-இல் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் சேலத்துக்கு மறுபடி விமானங்கள் வந்தன. இருக்கை குறைவு என்பதால் மலிவான அடுக்கு சீக்கிரம் தீரும். ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது அன்றைக்கே இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆனாலும் சென்னையில் பகல் வேலையாகப் போகிறவர்களுக்குச் சேலத்தையே நான் பரிந்துரைப்பேன். தொப்பூர் கணவாயில் லாரி ஏதும் கவிழாத நாளாக இருந்தால், காலை உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்பலாம். அந்த இறக்கத்துக்காக அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவைப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து சென்னை அல்லது ஹைதராபாத் போய் அங்கிருந்து டெல்லி விமானம் பிடிப்பவர்கள் இரண்டு கட்டங்களையும் ஒரே பி.என்.ஆரில் வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் சில நூறு ரூபாய் குறையலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைநழுவினால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். நானே ஒருமுறை இப்படி மிச்சம் பிடிக்கப் போய், சென்னையில் பயணப்பெட்டி வரும் பட்டையருகே நின்றபடி, அடுத்த விமானம் புறப்பட்டுவிட்ட செய்தியைக் கைப்பேசியில் படித்தேன். புதுச் சீட்டுக்குக் கொடுத்த தொகை, மிச்சம் பிடித்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? (வாகன உதிரிபாகத் தொழிற்சாலை மேலாளர்)

சாலையில் சுமார் 125 கிலோமீட்டர் என்றாலும் இது கிலோமீட்டர் கணக்கில் அடங்காத பயணம். ஓசூர் வரை ஐம்பது நிமிடத்தில் வந்துவிடுவீர்கள். அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்குப் பிறகு சில்க் போர்டு சந்திப்பும் ஹெப்பாள் மேம்பாலமும் உங்களுடைய நேரத்தைத் தீர்மானிக்கும். பகலில் நான்கு மணி நேரம், மழை பெய்தால் ஐந்து. அதிகாலை விமானம் என்றால் இரவு இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். உள்நாட்டு விமானங்களுக்குப் பயணப்பெட்டி ஒப்படைப்பது பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதால், இந்தக் கணக்கை விமான நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடாமல் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாளே ஓட்டுநரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகருக்குள் போக மனமில்லாவிட்டால் ஓசூர், பாகலூர், மாலூர், ஹோஸ்கோட்டை வழியாக வட்டச்சாலையைப் பிடித்து தேவனஹள்ளியை அடையலாம். தூரம் சற்றுக் கூடும். ஆனால் சில்க் போர்டும் ஹெப்பாளும் இல்லை. மாலூர் வரையுள்ள சாலை குறுகலானது, சரக்கு வண்டிகள் நிறைந்தது. பழகாத ஓட்டுநரை இரவில் அதில் அனுப்ப வேண்டாம்.

தனியாக, ஒரே கைப்பையுடன் செல்பவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வண்டியை விட்டு இறங்கி வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பேருந்தில் போகலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரைதான், அது விமான நிலையத்துக்குப் போகாது. தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு மாலை விமானத்துக்கு வசதியானது கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத். இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. கண்டோன்மென்டில் இறங்கினால் சில்க் போர்டைத் தாண்டியாயிற்று. ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரிக்கு இந்த யோசனை உதவாது என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் சென்னையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம் இரு மடங்கு. ஆனால் வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக நகரின் நடுப்பகுதிக்குள் போகாமலே மீனம்பாக்கத்தை அடைந்துவிடலாம்.

கேள்வி: பெங்களூரில் விமானம் ஏறுகிறோம். கர்நாடகத்தில் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தமிழ்நாட்டு நிறுவனம் உள்ளீட்டு வரியாக எடுக்க (தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது என்கிறார் எங்கள் கணக்கர். (ஓசூர் சிப்காட்)

கணக்கர் சொல்வது ஜி.எஸ்.டி. எண் கொடுக்காத சீட்டுக்குப் பொருந்தும். பதிவு பெறாத பயணிக்கு, அவர் விமானம் ஏறும் இடமே சேவை வழங்கும் இடம். பதிவு பெற்ற நிறுவனத்துக்கு, அந்த நிறுவனம் இருக்கும் மாநிலமே சேவை வழங்கும் இடம். ஆகவே தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்கும் உங்கள் எண்ணைப் பதிவின்போதே கொடுத்தால், கர்நாடகத்திலிருந்து எழுதப்படும் வரிப்பட்டியலில் (இன்வாய்ஸ்) மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. விழும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம். பிசினஸ் வகுப்புக்கு 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.

கைக்கு வரும் இ-டிக்கெட் வரிப்பட்டியல் ஆகாது. பட்டியலை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் தனியாக இறக்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. தளம் மாதந்தோறும் தரும் உள்ளீட்டு வரி அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர்-2பியில் வந்திருக்கிறதா என்று மாதந்தோறும் ஒப்பிடுங்கள். ஊழியர் தன் கைப்பேசியில் சொந்தப் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு எண்ணைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் நடப்பதில்லை.

கேள்வி: ஓசூர் விமான நிலையம் வந்தால் இந்த அலைச்சல் தீருமா?

2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேரைக் கையாளும் நிலையம் அமையும் என்று 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். குறுக்கே நிற்பது பெங்களூரு நிலையத்துக்கான ஒப்பந்தம்: மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் வேறு நிலையத்தை 25 ஆண்டுகளுக்கு அனுமதிப்பதில்லை என்பது அதன் நிபந்தனை. நிலையம் திறந்தது 2008 மே மாதம், கணக்குப்படி 2033 வரை இந்தத் தடை. அதற்கு முன்பே உடன்பாடு எட்டப்பட்டால் நல்லதே. நிலம் வாங்குவதற்கான ஆலோசனையாக இந்தப் பதிலை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பணம் திரும்பாத சீட்டை ரத்துசெய்தால் ஒரு பைசாவும் வராதா?

வரும். அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதும், விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் சட்டப்படியான வரிகளையும், பயணியே வராவிட்டாலும்கூட, திருப்பித் தர வேண்டும் என்பதும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதி. கடைசி நிமிடத்தில் கூட்டம் தள்ளிப்போய், விமானத்தையும் விட்டுவிட்ட சீட்டுகளுக்கு யாரும் இதைக் கேட்பதில்லை. சென்ற ஆறு மாதச் சீட்டுகளில் பயணம் செய்யாதவற்றை எடுத்துவைத்துக்கொண்டு, முகவர் மூலம் வாங்கியிருந்தால் அவரிடமும், நேரடியாக வாங்கியிருந்தால் நிறுவனத்திடமும் பி.என்.ஆர். எண்ணுடன் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகாராகப் பதியலாம்.