அலையாத்திக் காட்டில் எட்டு வாரம்: கல்லூரி நிதியை எப்படிக் கேட்பது?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்றில், அலையாத்திக் காடுகள் குறித்த வேலையில் எட்டு வாரம் சேர்ந்துகொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. சம்பளம் கிடையாது. மாணவர் ஆய்வுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் எங்கள் கல்லூரி நிதி தருகிறது. விண்ணப்பிக்க ஐந்து வாரம் இருக்கிறது. இரண்டு பக்கத் திட்டமும் பட்ஜெட்டும் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எழுதுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கையில் இல்லாத காரியங்கள் மூன்று இருக்கின்றன: ஆய்வு நிலையத்தின் கடிதம், பேராசிரியரின் பரிந்துரை, அனுமதிகள். இவற்றுக்கான மின்னஞ்சல்கள் இந்த வாரமே போய்விட வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் பல விழுவது எழுத்தால் இல்லை. கடைசி நாளில் கடிதம் வந்து சேராததால்தான்.

“வரலாம்” என்று வந்த மின்னஞ்சல் போதாது. நிலையத்தின் முகப்புத்தாளில் (லெட்டர்ஹெட்) ஒரு கடிதம் வேண்டும். அதில், தொடங்கும் தேதி, முடியும் தேதி, உங்களை வழிநடத்தப்போகிறவர் பெயர், செய்யப்போகும் வேலை, தங்குமிடம் உண்டா, நிலையம் கட்டணம் வாங்குகிறதா, களத்துக்கான அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் தெளிவாக இருக்கவேண்டும். பரிந்துரை எழுதும் பேராசிரியருக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். கூடவே ஒரு பக்கச் சுருக்கத்தையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் “நல்ல மாணவர்” என்ற பொதுவான நான்கு வரிதான் வரும்.

தேர்வுக் குழுவில் பிற துறைக்காரர்களும் இருப்பார்கள். விண்ணப்பித்த எல்லோருக்கும் இயற்கைமேல் அக்கறை உண்டு, அதை வைத்து யாரையும் தரம் பிரிக்க முடியாது. இந்த மாணவரால், இந்த இடத்தில், இத்தனை நாளில் இதைச் செய்து முடிக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். “காலநிலை மாற்றம் அலையாத்திக் காடுகளை எப்படிப் பாதிக்கிறது” என்பதற்கு எட்டு வாரத்தில் பதில் கிடைக்காது. “கடலோர விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக, கண்டல் (அலையாத்தி மர வகை) மரங்களின் தண்டு விட்டமும் நாற்றுகளின் எண்ணிக்கையும் எப்படி மாறுகின்றன” என்பதற்குக் கிடைக்கும். 1921-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக இருந்த, பின்னாளில் பெரிய சூழலியலாளரான சார்லஸ் எல்டன், ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனுக்குப் போன பல்கலைக்கழக ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தார். அந்தப் பயணத்தில் பார்த்த, உயிரினங்கள் குறைவாக உள்ள பேர் (Bear) தீவில் எது எதை உண்கிறது என்று அவரும் தாவரவியலாளர் சம்மர்ஹேய்ஸும் 1923-இல் வரைந்து வெளியிட்ட படம், உணவு வலை பற்றிய தொடக்ககால ஆவணங்களில் ஒன்று. எல்லையைச் சுருக்கியதால் முழுமையாகப் பார்க்க முடிந்தது.

செயல்முறையை எண்களில் சொல்லுங்கள். உதாரணத்துக்கு: மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 10 × 10 மீட்டர், ஆக 12 கட்டங்கள். மரத்தின் விட்டத்தைப் பொதுவாகத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். தண்டிலிருந்து கிளம்பி மரத்தைத் தாங்கும் முட்டுவேர் விடும் கண்டலில் அது சரிப்படாது. மேலேயுள்ள கடைசி முட்டுவேருக்கு 30 சென்டிமீட்டர் மேலே அளக்க வேண்டும். இந்த ஒரு வரி, களவேலை தெரிந்தவர் எழுதியது என்று குழுவிலுள்ள சூழலியலாளருக்குச் சொல்லிவிடும்.

அடுத்தது நாட்காட்டி. பெரும்பாலான மாணவர்கள் “முதல் வாரம் அறிமுகம், இரண்டு முதல் ஏழு வரை தரவு சேகரிப்பு, எட்டாவது வாரம் அறிக்கை” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அலையாத்திக் காட்டில் கடல்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நன்றாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான். எட்டு வாரத்தில் அப்படி நான்கு தடவை வரும். அந்த இடத்தின் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) எடுத்து, வற்றும் நேரம் பகலில் விழும் நாட்களை மட்டும் குறியுங்கள். தடவைக்கு ஐந்து நாள் கிடைத்தால் மொத்தம் 20 நாள். நாளுக்கு ஒரு கட்டம் என்றால் 12 நாளில் வேலை முடியும். மீதி எட்டு நாள் மழைக்கும் படகுக் கோளாறுக்கும். இந்தக் கணக்கை அப்படியே திட்டத்தில் எழுதுங்கள்.

பட்ஜெட்டும் இதிலிருந்துதான் பிறக்கிறது. களநாள் 20 என்றால் படகு வாடகை 20 நாளுக்கு, 56 நாளுக்கு இல்லை. தங்குவது 56 இரவு என்று எழுதிவிட்டு, வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி விமான டிக்கெட் எடுத்திருந்தால், அந்த இரண்டு இரவுக்குக் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். “பயணம்” என்று ஒற்றை வரியில் பெரிய தொகை போடாதீர்கள். விமானம், உள்ளூர்ப் போக்குவரத்து, படகு, தங்குமிடம், சாப்பாடு, விசா, காப்பீடு, தடுப்பூசி, நிலையக் கட்டணம், அளவைக் கருவிகள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அலகு விலை, எண்ணிக்கை, விலை எங்கே எடுத்தது, எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதம் என்று காட்டுங்கள். மடிக்கணினி, கைபேசி, கேமரா போன்றவற்றைக் கேட்டால் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். துறையில் இரவல் வாங்குங்கள். நிதியின் உச்சவரம்பைவிடச் செலவு அதிகமானால் முழுச் செலவையும் காட்டி, மீதி எங்கிருந்து வரும் என்று சொல்லுங்கள். செலவைக் குறைத்துக் காட்டினால், பாதியில் நின்றுபோகும் திட்டம் என்றே தோன்றும்.

வேறு இடத்திலும் நிதி கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. எது எந்த நிதியிலிருந்து என்பதை இரண்டு விண்ணப்பத்திலும் குறிப்பிடுங்கள்.

நிதி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்கவேண்டியவை: பணம் முன்பணமாக வருமா, செலவழித்த பிறகு ரசீது காட்டி வாங்கவேண்டுமா? உதவித்தொகைக்கு வரி உண்டா? விடுமுறை வேலையை விடுவதால் இழக்கும் வருமானத்துக்கு ஏதாவது தருவார்களா? பின்னால்தான் பணம் வரும் என்றால், வசதியில்லாத மாணவருக்கு அது கிடைக்காத நிதிதான். முன்பணம் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

அனுமதிகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்வது பல நாடுகளில் விதிமீறல். எந்த வகை விசா என்று நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மரபணு வளங்களை எடுத்து ஆராய்வதென்றால் நகோயா ஒப்பந்தம் குறுக்கே வரும். 2010-இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த ஒப்பந்தப்படி, வளத்துக்குரிய நாடு முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். பவளத் துண்டு போன்றவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவர, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் (CITES) அனுமதி தேவைப்படலாம். மண்ணுக்கோ, இறக்குமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு விதி தனி. முதல் பயணத்துக்கு என் அறிவுரை: மாதிரி எதையும் கொண்டுவராதீர்கள். மண்ணையும் ஆராய்வதாக இருந்தால் அதை அங்கேயே உலர்த்தி, எடைபோட்டு, எண்களோடு திரும்பி வாருங்கள்.

மீனவர்களிடம் ஐந்தே ஐந்து கேள்வி கேட்கப்போவதாக இருந்தாலும் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். இந்த ஐந்து வாரத்துக்குள் கிடைக்காது என்றால் நேர்காணலைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மரங்களை அளப்பதே முழு வேலை.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். அவசர மருத்துவ வெளியேற்றம் காப்பீட்டில் அடங்குகிறதா என்று பாருங்கள், ஒதுக்குப்புறக் களத்துக்கு அது இல்லாமல் போகவே கூடாது. உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும்.

இன்னொன்று: தன்னார்வலரிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு “ஆய்வு அனுபவம்” தரும் நிறுவனங்கள் உண்டு. தரவு யாருக்குப் போகிறது, அதிலிருந்து இதுவரை என்ன வெளியாகியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கே போகாதீர்கள்.

நிதி கிடைத்துக் கிளம்பும்போது ஒரு சின்ன ரசீதுப் புத்தகத்தையும் பையில் வையுங்கள். படகோட்டியிடம் பில் இருக்காது. தேதி, தூரம், தொகை எழுதி அன்றைக்கே அவரிடம் கையெழுத்து வாங்கி, வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள். சேற்றில் நனைந்த தாளை நிதி அலுவலகம் ஏற்காது.