பௌதிகத்துக்காக மகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

முல்லைத்தீவு முத்தையன்கட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மருத்துவம் படிக்க ஆசைப்படும் மகள் முதல் தடவை எழுதிய உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைப் பார்த்தேன். உயிரியலில் பி, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் ஆகக் குறைந்த சித்தியான எஸ். வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை எடுத்து, அங்கே பெயர்பெற்ற ஒரு ரியூசன் ஆசிரியரிடம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மகள் ஏற்கெனவே இரண்டு வருடம் ரியூசனுக்குப் போனவள். பாடம் கேட்டது போதும். அடிப்படையைத் தானாகத் தொட்டுப் பார்த்து, கணக்கைத் தன் கையால் செய்து முடிக்கத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்னொரு வகுப்பு அந்த நேரத்தையும் தின்றுவிடும்.

மருத்துவத்துக்கு நம் நாட்டில் தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை இல்லை. உயர்தரம்தான் அந்தப் பரீட்சை. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்து வருவதைத்தான் பல்கலைக்கழகம் பார்க்கிறது. ஒரு பாடத்தின் இசட் புள்ளி, பிள்ளையின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை, புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகலால் வகுத்து வருவது. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: சராசரி 40, நியம விலகல் 18 என்றால், 58 எடுத்த பிள்ளைக்கு 1.0, 67 எடுத்த பிள்ளைக்கு 1.5. ஒன்பது புள்ளி கூடியதால் அந்தப் பாடத்தில் அரை இசட் ஏறுகிறது. உயிரியலில் ஏற்கெனவே உயரத்தில் நிற்கும் பிள்ளை அங்கே இன்னும் ஒன்பது புள்ளி எடுப்பது கடினம். எஸ்ஸில் நிற்கும் பௌதிகத்தில் அது எட்டக்கூடியது. மகளின் மருத்துவ வாய்ப்பு பௌதிகத்தில்தான் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இதைக் கேட்டுவிட்டுச் சில பெற்றோர் ஆறுதலடைகிறார்கள். மாவட்டத்துக்குள்ளும் போட்டி இருக்கிறது, அம்மா. அந்த ஒரு சில இடங்களுக்குப் போட்டியிடும் பிள்ளைகளும் மகளைப் போல இரவில் கண்விழிக்கிறவர்கள்தான்.

இனி மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். விடையை நான் தருகிறேன். நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் ஆர்முடுகல் என்ன? பூச்சியம் என்றால் பிழை. வேகம்தான் பூச்சியம், ஆர்முடுகல் அப்போதும் கீழ்நோக்கி ஏறத்தாழ 10 மீற்றர்/செக்கன்². அடுத்தது, 60 வாற்று, 100 வாற்று இழைக்குமிழ் இரண்டையும் தொடராக இணைத்தால் எது கூடுதலாக ஒளிரும்? 60. அதன் தடைதான் கூட, இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். கடைசியாக, குவிவு வில்லையின் பாதியைக் கடதாசியால் மறைத்தால் திரையில் பாதி விம்பமா விழும்? இல்லை, முழு விம்பமும் விழும், வெளிச்சம் மட்டும் குறையும். மூன்றில் இரண்டு பிழைத்தால், பாஸ்பேப்பர் (பழைய வினாத்தாள்) செய்வதைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் பௌதிகம்கூட இல்லை, கணிதம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் ஓ.எல். (சாதாரண தரம்) முடிந்ததும் கணிதத்தைக் கைவிட்டு விடுகிறார்கள். கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சையில் பின்னத்தைச் சுருக்கவும், பத்தின் அடுக்குகளைக் கையாளவும், சைன் கோசைன் எந்தப் பக்கம் என்று தடுமாறாமல் எழுதவும் வராவிட்டால், கோட்பாடு தெரிந்தும் புள்ளி விழாது. ஓ.எல். கணிதப் புத்தகத்தை எடுத்து ஒரு கிழமை அதற்கே கொடுக்கட்டும்.

பிறகு அளவீடும் வரைபும். எங்கள் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஆய்வுகூடம் பெயருக்குத்தான் இருக்கிறது, அது பிள்ளைகளின் குற்றமில்லை. ஆனால் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பரிசோதனை தவறாமல் வரும். எளிய ஊசலை வீட்டிலேயே செய்யலாம். நூலில் ஒரு சிறிய கல்லைக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிடுங்கள். நீளம் 25, 50, 75, 100 சென்ரிமீற்றர் என்று வைத்து, போன் கடிகாரத்தில் 20 அலைவுகளின் நேரத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 20, 28, 35, 40 செக்கன் வரும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் கை தாமதிக்கும் அரைச் செக்கனே பெரிய வழு. இருபதுக்குப் பரவினால் அது சிறுத்துப்போகும். ‘ஏன் 20 அலைவுகள்?’ என்று வினாத்தாள் கேட்பது இதைத்தான்.

பிறகு அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராகக் குறிக்கட்டும். நேர்கோடு வரும், நீளத்தை மீற்றரில் எடுத்தால் படித்திறன் (கோட்டின் சாய்வு) 4க்குக் கிட்ட இருக்கும். நீளத்தைக் கல்லின் மையம் வரை அளக்காமல் நூல் முடியும் இடம் வரை மட்டும் அளந்திருந்தால் படித்திறன் மாறாது, ஆனால் கோடு உற்பத்திப் புள்ளியினூடாகப் போகாமல் மேலே வெட்டும். இந்த ஒரு பரிசோதனையைக் கையால் செய்த பிள்ளைக்குப் படித்திறன் என்ன, வெட்டுத்துண்டு என்ன என்று பிறகு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கலத்தின் மின்னியக்க விசையும் அகத்தடையும் காணும் வரைபும் இதே வழியில்தான் போகிறது: அங்கே வெட்டுத்துண்டு மின்னியக்க விசை, படித்திறனின் பருமன் அகத்தடை.

பொறியியலுக்கு, அதாவது விசையையும் இயக்கத்தையும் பற்றிய அலகுக்கு, கூடுதல் நாள் ஒதுக்குங்கள். அது ஆட்டங்கண்டால் வட்ட இயக்கம், ஈர்ப்புப் புலம், நிலைமின் புலம் எல்லாம் ஆட்டங்காணும். மகளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: விசைகளை அம்புக்குறி போட்டுக் கீறாமல் ஒரு சமன்பாடும் எழுதக்கூடாது. சாய்தளத்தில் வைத்த நெல்மூட்டையின் செவ்வன் மறுதாக்கம் அதன் முழு நிறைக்குச் சமன் என்று எழுதும் பிள்ளை, படம் கீறியிருந்தால் எழுதாது. சாய்வின் கோசைனால் பெருக்க வேண்டும் என்பது படத்திலேயே தெரியும்.

பாய்மங்கள் நம் பிள்ளைகளுக்கு எளிதாக வர வேண்டிய பாடம். குளக்கட்டு அடியில் அகன்று மேலே ஒடுங்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். 8 மீற்றர் ஆழத்தில் தண்ணீரால் வரும் அமுக்கம் 80,000 பஸ்கால். இரணைமடுக் குளமானாலும் வீட்டுக் கிணறானாலும் அதே அளவு, பரப்பு அந்தக் கணக்கில் வராது. வைத்தியசாலையில் சேலைன் போத்தலை உயர்த்தித் தொங்கவிடுவதும் இதே விதிதான். புவசேயின் சமன்பாட்டையும் விளங்கிப் படிக்கட்டும்: குழாயின் ஆரை பாதியானால், மற்றவை மாறாதிருக்க, பாயும் அளவு பதினாறில் ஒன்றாகிவிடும். இரத்த நாடிக்குள் கொழுப்புப் படிவதை வைத்தியர் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறார் என்று அப்போது அவளுக்கே புரியும். வைத்தியராக ஆசைப்படும் பிள்ளைக்குப் பௌதிகம் பாரமாக இருக்கத் தேவையில்லை.

இலத்திரனியலும் சடமும் கதிர்ப்பும் சிறிய அலகுகள். விதிகளைக் குறிப்பெடுத்து, பழைய பல்தேர்வு வினாக்களைச் செய்தால் போதும். கடைசிக்கு விட்டு, தொடாமலே மண்டபத்துக்குப் போகிறார்களே, அதுதான் கவலை.

அடிப்படை சரியான பிறகு பாஸ்பேப்பர். பல்தேர்வில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம், ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். பிழைத்த விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, எதையும் வெறுமையாக விட வேண்டாம். இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம்: அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரையில் ஆறில் நான்கு. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கையையும் தேடி எடுங்கள். எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். விடைத்தாள் திருத்தியவர்களின் கண் அது, எந்த ரியூசன் நோட்டிலும் கிடைக்காது.

மூன்று தரம் எழுதலாம் என்பதால் இன்னும் ஒரு வாய்ப்பு கையில் இருக்கும். ஆனால் அதை எண்ணி இந்த வருட விண்ணப்பத்தைச் சுருக்க வேண்டாம். மருத்துவத்துக்குக் கீழே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடம் எல்லாவற்றையும் மகளின் விருப்ப வரிசையில் எழுதுங்கள். அந்த வரிசையைப் போடும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஊசல் வரைபையும் கொண்டு வரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.